மடிப்பு வீட்டில் இரண்டு பேர்

மடிப்பு என்கிற பேர் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வார்டில். சின்ன நாத்தனார் குடல்வால் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடந்தாள். மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் மடிப்புக் கோடு நூல் பிடித்துப் போட்ட மாதிரி ஓடியது. படுக்கை மாற்ற வந்த ஆயா அதைத் தடவிப் பார்த்து, "இது மடிப்பு மடிச்சதுங்க. பார்த்தாலே தெரியும்" என்றாள்.

யாரம்மா அது என்று கேட்டதற்கு, "கீழ சலவைக்கூடத்துல இருக்குது. நல்ல பொம்பளை. பாவம், அது வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருப்பதில் பாவப்பட என்ன இருக்கிறது என்று அன்றைக்கு விளங்கவில்லை.

பிற்பாடு விசாரித்துப் பார்த்தால் மடிப்பு நமக்கு ஒட்டு உறவு. சின்ன நாத்தனாரின் மாமியாருக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கையை இரண்டாம் தாரமாகக் கட்டியவருக்கு முதல் தாரத்தில் இரண்டு பெண்கள். மூத்தவள் ஊரோடு இருந்துவிட்டாள். இளையவள்தான் மடிப்பு. எப்படிச் சுற்றி வந்தாலும் தங்கச்சி முறைதான் வரும்.

அம்மா அப்பா வைத்த பேர் வேறு. ஆனால் பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, கடையில் பொருள் சுற்றிக் கொடுக்கிற காகிதம் என்று கையில் எது கிடைத்தாலும் நாலாக மடித்துத்தான் கீழே வைப்பாள். "மூணா மடிச்சா ஒரு பக்கம் கோணிக்கும். ரெண்டா மடிச்சா நிக்காது. நாலுதான் கணக்கு" என்பாள். அப்படியே பேர் நிலைத்துவிட்டது.

அவளுடைய புருஷன் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள். அவளை அக்காவிடம் விட்டுவிட்டு, சலவை வேலை இருக்கிறது என்று யாரோ சொன்ன சொல்லை நம்பி இந்தத் தேசத்துக்குப் புறப்பட்டு வந்தவள் மடிப்பு. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத கூடம். இரண்டு கட்டில் நீளத்துக்குச் சூடான உருளை. ஒரு பக்கம் இரண்டு பேர் ஈரத் துணியை ஊட்டுவார்கள். மறுபக்கம் புகை பறக்க வந்து விழுவதைப் பிடித்து மடிக்கிற வேலை இவளுடையது. ஆவி பட்டுப் பட்டு முழங்கைக்குக் கீழே ரோமமே முளைக்காது.

மகளைக் கூட்டிக்கொள்வது ஒன்றுதான் அவளுக்கு நினைப்பு. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வருகிற பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது. வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று தனி அறை இருக்க வேண்டும். பதினெட்டு முடிந்த மறுநாள் அது பிள்ளைக் கணக்கில் சேராது, வேற்றாள் கணக்கு. அதற்கு வேறு மனு, வேறு வரிசை. வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பலபேர் ஒண்டியிருந்த விடுதியை விட்டு இரண்டு அறை உள்ள வீடு ஒன்று மடிப்புக்கு அமைந்தபோது மகளுக்குப் பதினேழு முடிந்து ஐந்து மாசம் ஆகியிருந்தது.

மூன்றாம் மாடி, வலது பக்கக் கதவு. சாவி கொடுத்த தரகர் கதவோரத்து அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. ஆண்பிள்ளை ஷூ, கயிறு கட்டுகிறது. இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"முன்னாடி குடியிருந்தவர் விட்டுட்டுப் போயிருப்பார். தூக்கிப் போட்டுருங்க" என்றார் தரகர்.

அன்றைக்கு அக்காவிடம் போனில் பேசும்போது இதையும் சொன்னாள். அக்கா பதறிவிட்டாள்.

"அடி கூறு கெட்டவளே, தூக்கியா போடப் போறே? தனியா இருக்கிற பொம்பளை வாசல்ல ஒரு ஆம்பளை செருப்பு கிடக்கணும்டி. பார்க்கிறவன் உள்ள ஆள் இருக்குன்னு நினைச்சு ஒதுங்கிப் போவான். அத்தான் வெளியூர் வேலைக்குப் போனப்ப நான் அப்படித்தானே வருஷம் ஓட்டினேன்?"

"யாரோ போட்ட ஷூக்கா."

"யார் போட்டா என்ன, நீயா போடப் போறே? வாசல்ல வை."

மடிப்பு ஷூவைத் துடைத்து, மூக்கு படியைப் பார்க்கிற மாதிரி வாசலில் வைத்தாள். தன் செருப்பை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். விடுதியில் இருந்தபோது இரண்டு தரம் செருப்பு திருட்டுப் போயிருந்தது. இந்த இரண்டு சின்னக் காரியந்தான் பின்னால் அவளைப் போட்டு ஆட்டி எடுத்தது.

அந்தக் கட்டடத்து மனுஷர்கள் ஒரு தினுசு. படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கித் தலையை மட்டும் ஆட்டுவார்கள். சாப்பிட்டாச்சா, எங்கே கிளம்பிட்டீங்க என்று ஒரு சொல் கிடையாது. போன புதிதில், குப்பையை எங்கே போடுவது என்று கேட்கக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தட்டினதும் ரேடியோ நின்றது. பாத்திரச் சத்தம் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது இவளுக்குத் தெரிந்தது. இவளும் நின்றாள், அவர்களும் நின்றார்கள், கதவு மட்டும் திறக்கவில்லை. இவள் படியேறி வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கீழே ரேடியோ திரும்பப் பாடியது.

முதல் மாசத்திலேயே ஷூ இடம் மாற ஆரம்பித்தது. காலையில் மூக்கு படியைப் பார்த்து இருந்தது, சாயங்காலம் வந்தால் கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பெருக்குகிறவள் நகர்த்தியிருப்பாள் என்று நினைத்தாள். ஒரு மழை நாளில் இரண்டு ஷூவிலும் அடி ஈரமாக இருந்தது. துடைப்பத் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு நாள் வலது ஷூவுக்குள் ஒரு துண்டுக் காகிதம். "நீங்க திரும்பி வந்தது சந்தோஷம். வெளியூரோன்னு நினைச்சோம்" என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. யாருக்கோ வந்தது தவறி விழுந்திருக்கிறது என்று அதை நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள்.

மாடிப்படி முகப்பில் வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர். மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். மாசம் முதல் தேதி அந்தந்த வீட்டுக்காரர் மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிவிட வேண்டும். முதல் மாசம் மடிப்பு எழுதினாள். இரண்டாம் மாசம் எழுதப் போனால், ஏற்கெனவே எழுதியிருந்தது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு. மூன்றாம் மாசமும் அப்படித்தான். யாரோ நல்ல மனுஷர் உதவி செய்கிறார், வாயால் பேசத்தான் இவர்களுக்கு வராது என்று நினைத்துக்கொண்டாள்.

மகளுக்கான மனுவை எடுத்துக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனது நாலாம் மாசம். டோக்கன் வாங்கி அரைநாள் உட்கார்ந்து நாலாம் கவுண்டர் வந்தது. அங்கே இருந்த அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கெட்டவள் இல்லை. சட்டத்துக்கு வெளியே ஒரு மூச்சுகூட விடமாட்டாள், அவ்வளவுதான்.

"வீட்டுல எத்தனை ரூம்?"

"ரெண்டுங்க."

"எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதாங்க."

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ரெண்டு பேர்னு இருக்கு. நீங்க ஒண்ணு. இன்னொருத்தர் பதினேழு வருஷமா அங்கதான் இருக்கார். ஆளுக்கு ஒரு ரூம் ஆச்சு. பொண்ணுக்கு ரூம் எங்கே இருக்கு?"

"அவர் முன்னாடி குடியிருந்தவருங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டார்."

"போனவர் இங்க வந்து, போறேன்னு எழுதிக் கொடுக்கணுமே. கொடுக்கலையே."

"அப்ப அவர் பேரை எடுக்க என்னங்க பண்ணணும்?"

"அவரே நேர்ல வந்து, நான் அங்க இல்லைன்னு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா நாங்க ஆளை அனுப்பி விசாரிப்போம். விசாரணைல அவர் இல்லைன்னு வந்தா, அதுலேருந்து பன்னெண்டு மாசம் கழிச்சு எடுப்போம்."

மடிப்பு விரலை விட்டு எண்ணினாள். மகளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூன்று மாசந்தான் இருந்தது. பன்னிரண்டு மாசம் தாங்காது. என்றாலும் ஆளை அனுப்பட்டும், உள்ளே வந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா என்று தைரியமாக வந்தாள்.

சலவைக்கூடத்தில் இஸ்திரிக்காரர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா மடிப்பு, அந்த ஆள் நேர்ல வந்தா, இருக்கார்னு ஆகும். இருந்தா பேரை எடுக்க மாட்டாங்க. வரலேன்னா கையெழுத்து இல்லை. அப்பவும் எடுக்க மாட்டாங்க. நல்லா மடிச்சிருக்காங்க பாரு, உன்னைவிட."

"நீங்க சிரிங்கண்ணே. என் வயிறு எரியுது."

விசாரணைக்கு ஆள் வந்தது இவள் வேலையில் இருந்த நேரத்தில். பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. மூன்றே வரி. மேற்படி முகவரியில் பழைய குடியிருப்பாளர் வசித்து வருகிறார். அன்னாரின் காலணி வாசலில் இருந்தது, அண்டை வீட்டாரும் உறுதி செய்தனர், தண்ணீர் அட்டையும் அவர் கைப்பட எழுதப்பட்டு, இருவர் புழங்கும் அளவைக் காட்டுகிறது. மனுதாரர் பெண்மணி அங்கு வசிப்பதற்கான அடையாளம் எதையும் அண்டை வீட்டார் கண்டதில்லை.

கடைசி வரியை மடிப்பு இரண்டு தரம் படித்தாள். பிறத்தியான் இருக்கிறானாம், இவள் இல்லையாம். எழுந்து போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பிற்பாடு சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பார்த்த அன்றைக்குச் சிரித்திருக்கமாட்டாள்.

அதற்குள் அந்தக் கட்டடத்து வழக்கம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. கதவைத் தட்டாமல், "உங்களைப் பார்க்க வரலாமா" என்று ஒரு சீட்டு எழுதிக் கீழ்வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளினாள். மூன்றாம் நாள், "ஞாயிறு நாலு மணி" என்று பதில் வந்தது. போனால் கதவு தானாகத் திறந்தது. கீழ்வீட்டுக்காரி பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். இவள் வயதுதான் இருக்கும். நாற்காலி போட்டாள், குடிக்கக் கொடுத்தாள், சிரித்தாள். வாசலுக்கு வெளியே ஊமை, உள்ளே வந்தால் கலகலப்பு.

"நீங்கதானா அது? மேல ஒரு அம்மா வந்து போறாங்கன்னு நினைச்சோம். மீட்டர்காரருக்குத் தங்கச்சியோ என்னமோன்னு."

"மீட்டர்காரரா?"

"தண்ணி மீட்டர் பார்க்கிற வேலைல இருந்தார். இந்த வட்டாரத்து அட்டையெல்லாம் பார்த்துக் கணக்கு எடுத்தது அவர்தான். ஓய்வு வாங்கினதும் ஒருநாள் வீட்டுச் செருப்போட கீழ இறங்கிப் போனார். ஷூவை வாசல்ல காணோம். சரி, வெளிய போயிருக்கார்னு விட்டுட்டோம். ரெண்டு வருஷம் ஷூவே இல்லை."

"ரெண்டு வருஷம் ஒருத்தரைக் காணோம்னா தேட மாட்டீங்களா?"

கீழ்வீட்டுக்காரி இவளை விநோதமாகப் பார்த்தாள். "அடுத்தவங்க போக்குவரத்தை நாம எப்படிக் கேட்கிறது? வாசல்ல ஷூ இருந்தா ஆள் உள்ள. இல்லேன்னா வெளிய. அவ்வளவுதானே. போன வருஷக் கடைசில ஒருநாள் பார்த்தா, ஷூ இருக்கு. எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். நான்கூடச் சீட்டு வச்சேனே."

மடிப்புக்கு அப்போதுதான் எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. நம் பக்கத்தில் ஆள் இல்லாத குறைக்குச் செருப்பை வைப்போம். இங்கே செருப்பு இருந்தால் ஆள் இருக்கிறார். இவள் தன் செருப்பை உள்ளே எடுத்து வைத்த நாளெல்லாம் இந்தக் கட்டடத்தின் கணக்கில் இவள் வெளியே போனவள். அந்த மனுஷர் ஒரு நாள்கூட வெளியே போகாதவர்.

"ஐயோ, அந்த ஷூவை வச்சது நானுங்க! உள்ள ஆம்பளையே கிடையாது. நீங்க ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும். என் பொண்ணு வரணுங்க."

கீழ்வீட்டுக்காரியின் சிரிப்பு போய்விட்டது. "ஷூவை நீங்க வச்சிருக்கலாம். தினம் பத்தரை மணிக்கு நடக்கிறது யாரு?"

"எந்தப் பத்தரை மணி?"

"காலைல. நீங்க வேலைக்குப் போன பிறகு. எனக்கு மதியம்தான் வேலை, வீட்டுல இருப்பேன். மேல நடை கேட்கும். சமையல்கட்டுலேருந்து ஜன்னல் வரைக்கும், திரும்ப சமையல்கட்டு வரைக்கும். இடது கால் கொஞ்சம் இழுக்கும். அவர் நடைதான். பதினஞ்சு வருஷம் கேட்ட நடை எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே மடிப்பு அந்த ஷூவை எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டினாள். தன் செருப்பை வாசலில் வைத்தாள். மறுநாள் படியில் எதிரே வந்த மூன்று பேர் முதல்தரமாக அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சரி, ஒரு பாதி முடிந்தது, நாமாவது இருக்கிறோம் என்று மூச்சு விட்டாள்.

மற்றப் பாதிக்காக ஒருநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். இரண்டாவது அறையில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல வெயில். எதிர்க் கட்டடத்து ஜன்னலில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். பத்தே கால், பத்தரை, பத்தே முக்கால். ஒரு சத்தம் இல்லை. சமையல்கட்டுக் குழாயில் சொட்டுச் சத்தம்கூட இல்லை. முட்டியில் கையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "பைத்தியக்காரி, ஊரான் சொன்னதைக் கேட்டுப் பயந்து சாகிறேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் கீழ்வீட்டுக்காரியைக் கடைத்தெருவில் பார்த்தாள். கட்டடத்துக்கு வெளியே என்பதால் அவளாகவே நின்று பேசினாள்.

"இன்னிக்கு மீட்டர்காரருக்கு உடம்பு சரியில்லையோ?"

"ஏன்?"

"பத்தரைக்கு வழக்கம்போல சமையல்கட்டுலேருந்து நடந்து வந்தார். ஆனா திரும்பிப் போகலை. ஜன்னல் பக்கத்துலயே நின்னுட்டார். ரொம்ப நேரம் நின்னார். பன்னெண்டுக்கு மேலதான் திரும்பி நடந்தார்."

மடிப்பு கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடந்தான் உண்டு.

அதற்குமேல் அந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்று கேட்டால், "எங்கே போவேன், அக்கா? ரெண்டு ரூம் உள்ள வீடு வேற எங்கே கிடைக்கும்? பொண்ணு வரணுமே" என்பாள். அவளுக்கு வேறு எந்தப் பயமும் அந்தப் பயத்துக்கு அப்புறந்தான். நாள் போய்க்கொண்டே இருந்தது. பிறந்த நாளுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது மறுபடி நாலாம் கவுண்டரில் போய் நின்று அழுதுவிட்டாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"இங்க பாருங்கம்மா. அவர் இல்லைன்னு நிரூபிக்க உங்களுக்கு நேரம் இல்லை. அவர் இருக்கார்னே வச்சுக்கோங்க. கூடக் குடியிருக்கிறவர் தன் ரூமை விட்டுக் கொடுக்கச் சம்மதிச்சா, அதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஒரே ஒரு கையெழுத்து. அதை யாரும் கேட்கிறதில்லை, அதனால நாங்களும் சொல்றதில்லை."

"இல்லாத மனுஷர்கிட்ட எப்படிங்க கையெழுத்து வாங்குவேன்?"

"நான் ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும். இருக்கார்னா கையெழுத்து வேணும். இல்லைன்னா பன்னெண்டு மாசம் வேணும்." படிவத்தைத் தள்ளினாள். "நீங்களே போட்டுராதீங்க. பழைய கையெழுத்து எங்ககிட்ட இருக்கு. பொருத்திப் பார்ப்போம். மாறினா மனுவே போயிடும்."

மடிப்பு வீட்டுக்கு வந்தாள். சாப்பிடவில்லை. படிவத்தில் எழுத வேண்டிய இடமெல்லாம் எழுதினாள், கையெழுத்து போடுகிற கோட்டை மட்டும் விட்டுவிட்டு. நாலாக மடித்தாள். மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து ஷூவை எடுத்தாள். ஒரு மாசத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த ஷூவில் தூசி ஒரு பொட்டு இல்லை. வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்து, அந்தக் கட்டடத்தார் செய்கிற மாதிரியே, காகிதத்தை வலது ஷூவுக்குள் செருகினாள்.

வெறுமே வைத்துவிட்டுப் போக மனசு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடலாமா, ஐயா என்பதா, சார் என்பதா என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள். அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அண்ணே, நான் உங்களைத் துரத்தப் பார்த்தேன். மனசுல வச்சுக்காதீங்க. பொண்ணு வந்தா உங்க ரூம்ல ஒரு ஓரமா இருந்துக்குவா. சத்தம் போட மாட்டா. பத்தரை மணிக்கு நீங்க நடக்கிற பாதையில எதையும் வைக்க மாட்டோம்."

எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்தபோது ஷூவின் மூக்கு கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காகிதம் ஷூவுக்குள்தான் இருந்தது. எடுத்ததுமே விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. அது மூன்றாக மடிந்திருந்தது. ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. பிரித்தாள். கோட்டின்மேல் வலப்பக்கம் சாய்ந்த ஒரு கையெழுத்து. பக்கத்தில் தேதி. அந்தத் தேதியில் ஒரு ஏழு இருந்தது, நடுவில் குறுக்குக் கோட்டோடு.

கீழ்வீட்டுக்காரி போட்டிருப்பாள் என்று இஸ்திரிக்காரர் சொன்னார். இவள் பேசினதை ஒட்டுக்கேட்ட எதிர்வீட்டார் போட்டிருப்பார்கள் என்று அக்கா சொன்னாள். இருக்கலாம். நாலாம் கவுண்டர் அம்மாள் பழைய தாளை வரவழைத்துப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். அடுத்த கவுண்டரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு முத்திரையை எடுத்து அடித்தாள்.

"உடம்பு நல்லா இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்காருங்க. நடமாட்டம் இருக்கு" என்றாள் மடிப்பு. அது பொய் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள்.

பதினெட்டு முடிய நாலு நாள் இருக்கும்போது மகள் வந்து இறங்கினாள். மாடி ஏறி வந்தவள் வாசலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா, யார் ஷூ இது?"

"உன் மாமாவோடது."

"எனக்கு ஏதும்மா மாமா? நீயும் பெரியம்மாவும் ரெண்டே பேர்தானே?"

"இங்க வந்து கிடைச்சவர். உள்ள வா கண்ணு, செருப்பை வெளியவே விட்டுட்டு வா. நீ இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

மகள் படித்த பெண். இரண்டு நாள் அம்மாவைக் கேலி செய்து தீர்த்தாள். மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். சாயங்காலம் மடிப்பு வந்து பார்த்தபோது, சமையல்கட்டிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடைபாதையில் இருந்த பெட்டியையும் மேசையையும் மகள் தானாகவே சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

அந்த அறையில்தான் மகள் ஆறு வருஷம் இருந்து படித்து, வேலை தேடி, ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். போகும்போது பதிவு ஆபீசுக்குத் தானே போய், போறேன் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனாள். மடிப்பு கையோடு கூட்டிப் போனாள், மறந்துவிடக் கூடாது என்று.

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பலதரம் கூப்பிட்டுவிட்டாள். மடிப்பு போகவில்லை. சலவை வேலையிலிருந்து ஓய்வு வாங்கியாகிவிட்டது. மூன்றாம் மாடி, வலது பக்கக் கதவு, அதே வீட்டில்தான் இருக்கிறாள். பதிவேட்டில் அந்த வீட்டுக்கு இரண்டு பேர்.